பெட்ரூமுக்குக் கத்தரிப்பூ நிறம் அடிக்கலாமா? பெயின்டர் வேண்டாம் என்கிறார்

மாடிவீடு_திருச்சி (பிப்ரவரி 3)

எல்லோருக்கும் வணக்கம். ஸ்ரீரங்கத்தில் இரண்டாவது மாடி, 14 வருடப் பழைய அபார்ட்மென்ட். பெரிய பெட்ரூமுக்கு மட்டும் இந்த மாதம் பெயின்ட் அடிக்கப் போகிறோம். அறை 12க்கு 11 அடி, ஒரே ஜன்னல், அது வடக்குப் பக்கம். எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை, லேசான குளிர்ச்சியான ஊதா வேண்டும். ரோஸ் கலந்தது இல்லை, வெங்காயக் கலரும் இல்லை. ஒரு பக்கெட் தண்ணீரில் சொட்டு நீலம் இரண்டு சொட்டு விட்டால் வருமே, அதில் கொஞ்சம் பால் கலந்த மாதிரி. புடவைக் கடையில் கத்தரிப்பூ கலர் என்று கேட்டால் எடுத்துப் போடுவார்களே, அதிலேயே மிக வெளிறியது.

பெயின்டர் அண்ணன் பார்த்த உடனே வேண்டாம்மா என்றார். இரண்டு மாதத்தில் சலித்துவிடும், ராத்திரி லைட் போட்டால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், ஐவரியே அடித்துவிடலாம் என்கிறார். இப்போது இருப்பதும் ஐவரிதான். தரை க்ரீம் கலர் வெட்ரிஃபைட் டைல்ஸ், கப்போர்டு தேக்கு நிற லேமினேட், கதவு வார்னிஷ் அடித்த தேக்கு, மேலே இரண்டு வெள்ளை எல்இடி ட்யூப். இந்த நிறத்தோடு வீட்டில் உண்மையிலேயே வாழ்ந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஆசைப்பட்டு அடித்து அப்புறம் வருத்தப்பட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், எனக்கு அதுதான் முக்கியம்.

கூடல்நகர்

நான் வருத்தப்பட்ட ஆள், அதனால் முதலில் நானே சொல்லிவிடுகிறேன். மதுரையில் எங்கள் ஹாலுக்கு 2019இல் அடித்தோம். ஜன்னல் மேற்கே. காலையில் அவ்வளவு அழகாக இருக்கும், வந்தவர்கள் எல்லாம் ஷேட் நம்பர் கேட்டார்கள். மூன்றரை மணிக்கு மேல் வெயில் உள்ளே விழ ஆரம்பித்தால் அதே சுவர் சாம்பலும் பழுப்புமாக மாறிவிடும், பல நாள் தூசி படிந்த மாதிரி. மனைவி துணியை நனைத்துத் துடைத்தே பார்த்தாள். அழுக்கு எதுவும் இல்லை, வெயிலின் மஞ்சள் ஊதாவின் மேல் விழுந்து இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது, மிஞ்சுவது சாம்பல். ஹாலில் நாங்கள் உட்காருவதே சாயங்காலம்தான். எட்டு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு மாற்றினோம்.

உங்களுக்கு வடக்கு ஜன்னல் என்பதால் இந்தத் தொல்லை குறைவாகத்தான் இருக்கும். ஆனால் க்ரீம் தரை என்கிறீர்களே, அதுதான் எனக்கு இடிக்கிறது. எங்கள் தரையும் க்ரீம்தான், சுவர் ஊதாவானதும் டைல்ஸ் திடீரென்று மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

வெள்ளைச்சுவர்

நான் நேராகச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சுவர் என்பது பத்து வருடம் பார்க்க வேண்டிய பொருள். புடவையில் கத்தரிப்பூ அழகு, மாலையில் மடித்து வைத்துவிடலாம். சுவரை மடிக்க முடியாது. நம் வெயிலுக்கும் நம் வீட்டுக்கும் வெள்ளையும் சந்தனமும்தான் காலங்காலமாகப் பொருந்தி வந்திருக்கின்றன. வெளிறிய ஊதா எல்லாம் ஆண்டில் பாதி நாள் மேகம் மூடியிருக்கும் ஊர்களின் வீட்டு அலங்காரப் படங்களில் இருந்து வருவது, அந்த வெளிச்சம் நம்மிடம் இல்லை. நாளைக்கு வாடகைக்கு விடுவதாக இருந்தாலும் வருகிறவர்கள் முதலில் கேட்பது வெள்ளையடித்துத் தருவீர்களா என்றுதான்.

தஞ்சை_பேத்தி

வெள்ளைச்சுவர் ஐயா, வெளிச்சம் பற்றி நீங்கள் சொன்னது சரி, மரபு பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் அம்மாச்சி வீட்டில் பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிப்பார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தாழியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, ஆறினதும் துணியில் வடிகட்டி, நீலத்தூளைச் சின்ன மூட்டையாகக் கட்டி அதில் கலக்குவார்கள். எவ்வளவு என்று அளவு கிடையாது, மாமாவின் கண்தான் அளவு. ஒரு வருடம் கொஞ்சம் கூடிப்போய் உள்ளறை முழுக்க லேசான ஊதா ஓடிய நீலமாக வந்துவிட்டது. காரைச் சுவர், ஓடு வேய்ந்த கூரை, சின்ன ஜன்னல், கீழே சிவப்பு ரெட் ஆக்சைடு தரை. அந்த அறையில் மே மாத மத்தியானம் படுத்தால் எழுந்திருக்கவே மனசு வராது. சுவர் நிறம் வெப்பத்தைக் குறைத்தது என்று சொல்லவில்லை, அது காரைச் சுவரும் ஓடும் செய்த வேலை. ஆனால் கண்ணுக்கு அந்த நிறம் தந்த ஓய்வு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. குளிர்ந்த நிறத்தில் சுவர் நமக்குப் புதிது இல்லை ஐயா. பெயர் மட்டும்தான் புதிதாக லாவெண்டர் என்று வந்திருக்கிறது.

தோழிக்கு ஒன்று: அம்மாச்சி வீட்டில் தரை சிவப்பு. உங்கள் தரை க்ரீம். கூடல்நகர் சொன்னதைக் கவனமாக யோசியுங்கள்.

பட்டிபிரஷ்

22 வருடமாகப் பெயின்டிங் வேலை செய்கிறேன், சேலம் பக்கம். உங்கள் பெயின்டர் வேண்டாம் என்றதற்குக் காரணம் சொல்கிறேன், அவர் மேல் கோபப்படாதீர்கள். ஐவரி அடித்தால் எந்த வீட்டிலும் யாரும் இதுவரை மாற்றி அடி என்று சொன்னதில்லை. லேசான ஊதா அடித்த வீடுகளில் நாலுக்கு ஒன்றில், நான் ஷேட் கார்டில் (கடையில் காட்டும் நிற மாதிரி அட்டை) பார்த்தது இது இல்லையே என்று பேச்சு வந்துவிடும். இரண்டு கோட் அடித்து முடித்து சாரப்பலகையை விட்டு இறங்கும்போது அந்தப் பேச்சு வந்தால் கூலி நிற்கும். அதனால்தான் முதலிலேயே தட்டிக்கழிக்கிறோம்.

கார்டில் இருப்பது கட்டைவிரல் அளவு துண்டு. நான்கு சுவரிலும் அடித்தால் ஒரு சுவர் நிறம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி, கார்டில் பார்த்ததைவிட ஒரு படி கூடித்தான் தெரியும். அதனால் உங்களுக்குப் பிடித்த ஷேட் எதுவோ, அதே வரிசையில் அதற்கு மேலே இருக்கும் வெளிறியதை எடுங்கள். கார்டில் இது ஊதாவா சாம்பலா என்று சந்தேகம் வர வேண்டும், அதுதான் சுவரில் ஊதாவாக வரும். கார்டிலேயே பளிச்சென்று ஊதாவாக இருப்பது சுவரில் மிட்டாய்க் கடை ஆகிவிடும்.

அப்புறம் மாதிரி பார்க்கிறேன் என்று பழைய ஐவரி சுவரிலேயே ஒரு கட்டம் அடித்துப் பார்க்காதீர்கள். சுற்றி ஐவரி இருந்தால் நடுவில் இருப்பது இரண்டு மடங்கு ஊதாவாகத் தெரியும், பயந்துவிடுவீர்கள். 200 மில்லி மாதிரி டப்பா கிடைக்கும், இல்லாவிட்டால் ஒரு லிட்டர் வாங்குங்கள். இரண்டுக்கு இரண்டு அடி ப்ளைவுட் அல்லது தடித்த அட்டையில் வெள்ளை ப்ரைமர் அடித்து, மேலே இரண்டு கோட் போட்டு, ஓரத்தில் இரண்டு இன்ச் வெள்ளையாகவே விட்டுவிட்டு, அதை அறையில் இடம் மாற்றி மாற்றி வையுங்கள். ஜன்னலுக்கு எதிரே ஒரு நாள், ஜன்னல் இருக்கும் சுவரிலேயே ஒரு நாள், கப்போர்டு பக்கத்தில் ஒரு நாள். கீழே தரையோடு ஒட்டி வைத்தும் பாருங்கள்.

மாடிவீடு_திருச்சி

பட்டிபிரஷ் அண்ணா, ரொம்ப நன்றி. கூலி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, அவர் என் ரசனையைக் குறை சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். நான் கடையில் மூன்று ஷேட் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்று நல்ல ஊதா, ஒன்று நீலம் தூக்கலாக, ஒன்று நீங்கள் சொல்கிற மாதிரி சாம்பலா ஊதாவா என்று தெரியாதது. மூன்றிலும் பலகை செய்து பார்க்கிறேன். க்ரீம் தரைக்கு என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள், டைல்ஸ் மாற்றும் வசதி இப்போது இல்லை.

நிறமி

பெயின்ட் கலர் மேட்சிங் லேபில் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தரை மஞ்சளாகத் தெரிவது கண்ணின் இயல்பு, டைல்ஸில் எந்த மாற்றமும் இல்லை. பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த செவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் சரியாகக் கறுக்கவில்லை என்று புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பின் பலத்தைக் குறைத்துக் காட்டின. பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று எதிர்த் திசையில் தள்ளிக் காட்டும் என்று 1839இல் விரிவாக எழுதி வெளியிட்டார். ஊதாவுக்கு எதிர் நிறம் மஞ்சள். ஊதா சுவர் க்ரீம் தரையை மஞ்சள் பக்கம் தள்ளும், க்ரீம் தரை சுவரை இன்னும் ஊதாவாகத் தள்ளும். ஊதாவின் பலம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு இந்தத் தள்ளலும் குறையும். அதனால் தரையை மாற்ற முடியாதவர்களுக்கு நல்ல வழி, உங்கள் மூன்றாவது ஷேட் மாதிரி சாம்பல் கலந்ததை எடுப்பதுதான். சுவருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தால் இன்னும் நல்லது. சுவரின் அடியில் ஓடும் நான்கு இன்ச் ஸ்கர்ட்டிங் பட்டையும் க்ரீம் டைல்ஸ்தான் என்றால் அதன் மேலே எனாமல் வெள்ளை அடிக்கலாம், ஆனால் துடைப்பமும் மாப்பும் பட்டு உரியும், எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கட்டிலுக்குக் கீழே சாம்பல் நிறப் பாயோ ஜமுக்காளமோ விரிப்பது அதைவிடச் சுலபம்.

இப்போது கடையில் பெயின்டில் நிறம் கலக்கும் டின்டிங் மெஷின் பக்கம். ஊதா நிறமிகளில் அதிகம் பயன்படும் டையாக்சசைன் ஊதா மிக வீரியமானது, ஒரு லிட்டர் வெள்ளை பேஸில் மிகக் கொஞ்சம்தான் விழும். இத்தனை வெளிறிய ஷேடில் மெஷின் ஒரு துளி கூடுதலாகவோ குறைவாகவோ விட்டால் கண்ணுக்கே தெரிந்துவிடும். அதனால் ஒரு டின் வாங்கி, போதவில்லை என்று பத்து நாள் கழித்து இன்னொன்று கலக்கி வாங்காதீர்கள். உங்கள் அறைக்குச் சுவர் உயரம் பத்தடி என்று வைத்தால், கதவு ஜன்னல் கப்போர்டு போக ஏறத்தாழ 400 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120 சதுர அடி வந்தால் மூன்றரை லிட்டர். நான்கு லிட்டர் டின் ஒன்றாகவே வாங்குங்கள். நாலு ஒரு லிட்டர் டின்தான் கிடைத்தது என்றால் நான்கையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலக்கிவிட்டு ஆரம்பியுங்கள். வெள்ளையோடு இவ்வளவு கலந்த ஊதா, நேர் வெயில் படும் சுவரில் அடர் ஊதாவைவிடச் சீக்கிரம் வெளுக்கும், இதையும் மனதில் வையுங்கள்.

வெள்ளைச்சுவர் ஐயாவுக்கு ஒரு தகவல். உலகத்தின் முதல் செயற்கைச் சாயம் ஊதாதான், அதற்கு நம் நாட்டோடும் ஒரு தூரத்து உறவு உண்டு. 1856இல் லண்டனில் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் வீட்டில் வைத்துச் செய்துபார்த்தது மலேரியாவுக்கான கொய்னா மருந்து. இந்தியா போன்ற காலனிகளில் அதற்கு அவ்வளவு தேவை இருந்தது. மருந்து வரவில்லை, குடுவையில் ஊதா வந்தது.

வெள்ளைச்சுவர்

தஞ்சைப் பேத்தி சொன்ன நீலம் கலந்த சுண்ணாம்பை நான் மறந்துவிட்டேன், எங்கள் வீட்டிலும் கலப்பார்கள். அந்த ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீலம் கலந்தது சுண்ணாம்பின் பழுப்பை மறைத்து வெள்ளையை வெள்ளையாகக் காட்டத்தான். நோக்கம் வெள்ளைதான் அம்மா. நிறமி தம்பி சொல்வதையெல்லாம் படித்தால், இத்தனை கவனம் எடுத்தால்தான் சரியாக வரும் என்கிற நிறத்தை எதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது.

தஞ்சை_பேத்தி

ஆசையாக இருக்கிறது என்று சொல்கிறார் ஐயா. அது போதாதா? அவர்தான் அந்த அறையில் தூங்கி எழப் போகிறார்.

ரொறன்ரோ_வாசி

யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்ப ரொறன்ரோவில் இருக்கிறன். எங்கட வீட்டில் மகளின் அறைக்கு இந்த நிறம் அடித்து ஆறு வருசம். வடக்குப் பக்க யன்னல்தான், ஆனால் இங்கத்தை வடக்கும் திருச்சி வடக்கும் ஒன்றில்லை. பனிக்காலம் முழுக்க எங்கட வடக்கு யன்னலுக்குள் வெயில் எட்டியும் பார்க்காது. வெளியில் பனி மூடிக் கிடக்கும், உள்ளே வாற வெளிச்சமே நீலம். டிசம்பரில் நாலே முக்காலுக்கு இருட்டிவிடும், அந்த நேரம் சுவர் ஐஸ்கட்டி மாதிரி இருக்கும், மகள் போர்வைக்குள் இருந்து வெளியில் வரமாட்டாள். பெயின்ற் மாற்றவில்லை. பல்ப்பை 2700கே மஞ்சளுக்கு மாற்றினோம் (கே என்றால் கெல்வின், எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும்), யன்னலுக்கு மண் நிறத் திரைச்சீலை போட்டோம், அறை உடனே மாறிவிட்டது. மஞ்சள் வெளிச்சத்தில் ஊதா கொஞ்சம் சாம்பலாகும், அது எங்களுக்குப் பிடித்துப்போனது. உங்களுக்குக் குளிர் பிரச்சினை இல்லை, அதனால் இவ்வளவு மஞ்சள் தேவைப்படாது என்று நினைக்கிறன்.

லைட்_சுவிட்ச்

எல்லோரும் சுவரையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்று பெயின்டர் சொன்னது அந்த இரண்டு ட்யூப்பால்தான். நம் ஊர்க் கடையில் எல்இடி ட்யூப் என்று கேட்டால் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுப்பது 6500கே, அதில் நீலம் தூக்கல். அதற்குக் கீழே குளிர்ந்த ஊதா விறைத்துப்போகும், ஆட்கள் முகமும் வெளிறித் தெரியும். 3000கே போட்டால் கூடல்நகர் சொன்ன சாயங்காலச் சாம்பல் கொஞ்சம் வரும். நடுவில் 4000கே இருக்கிறது, அட்டைப் பெட்டியில் நேச்சுரல் ஒயிட் அல்லது நியூட்ரல் ஒயிட் என்று போட்டிருப்பார்கள், கேட்டு வாங்க வேண்டும். சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான அளவு) 90க்கு மேல் உள்ளதாகப் பாருங்கள், 80 உள்ளதைவிட நிறங்களை உண்மையாகக் காட்டும். ட்யூப் இரண்டையும் மாற்றும் செலவு ஒரு கோட் பெயின்ட் செலவைவிடக் குறைவு, அதனால் முதலில் லைட்டை மாற்றிவிட்டு அப்புறம் பலகையைப் பாருங்கள்.

பலகையை போனில் படம் எடுத்து அதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். போன் கேமரா தானாக வெள்ளையைச் சரிசெய்யும்போது இளம் ஊதாவைத்தான் முதலில் நீலமாக்கிவிடுகிறது.

இன்னொன்று, சுவிட்ச் போர்டு. 14 வருடப் பழைய வீடு என்றால் ப்ளேட் எல்லாம் மஞ்சள் பூத்திருக்கும். ஐவரி சுவரில் அது தெரியாது, ஊதா சுவரில் பல் கறை மாதிரி பளிச்சென்று தெரியும். ப்ளேட்டை மட்டும் மாற்றலாம்.

மாடிவீடு_திருச்சி (பிப்ரவரி 12)

ஒரு வாரமாக வீட்டில் இதே வேலை. மூன்று பலகை செய்து, ட்யூப்பும் 4000கேக்கு மாற்றிவிட்டேன். என்ன பார்த்தேன் என்று எழுதுகிறேன், அடுத்து யாருக்காவது உதவும்.

நல்ல ஊதா பலகை காலையில் அருமை, கப்போர்டு பக்கத்தில் கொண்டுபோனதும் தேக்கு நிறம் ஆரஞ்சாக எரிந்தது, இரண்டு நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. நீலம் தூக்கலாக இருந்தது பகல் முழுக்க வெறும் நீலமாகவே தெரிந்தது, ஊதா என்று யாருமே சொல்லவில்லை. கடையில் எனக்கு மிகக் குறைவாகப் பிடித்த அந்த மூன்றாவது சாம்பல், காலை பத்து மணிக்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வைத்தபோது அப்படியே கத்தரிப்பூ. எழுதும்போது மறுபடி எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சாயங்காலம் ஆறரைக்கு, லைட் போடுவதற்கு முன்னால், இன்னும் கொஞ்சம் நீலம் ஏறி டிசம்பர் பூ மாதிரி ஆகிறது. தேக்கோடும் சண்டை இல்லை. தரை லேசாக மஞ்சள் காட்டுகிறது, மறுக்கவில்லை, அதோடு வாழ முடியும்.

பெயின்டர் அண்ணனைக் கூப்பிட்டுப் பலகையைக் காட்டி, இது இப்படித்தான் வரும் என்று எனக்குத் தெரியும், வந்த பிறகு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்றேன். சிரித்துவிட்டுச் சரி என்றார்.

பட்டிபிரஷ்

நல்லது தங்கச்சி. உப்புத்தாள் போட்டதும் பட்டி பார்த்த இடங்களில் மட்டும் ப்ரைமர் தொட்டுவிட்டுப் போவார்கள், விடாதீர்கள். சுவர் முழுக்க ஒரு கோட் வெள்ளை ப்ரைமர் வேண்டும். ஐவரியின் மஞ்சள் கீழே இருந்தால் மேலே வரும் ஊதா மங்கும், பட்டி உறிஞ்சின இடமும் திட்டுத் திட்டாகத் தெரியும். மேட் ஃபினிஷே எடுங்கள். பழைய சுவரில் பட்டி மேடு பள்ளம் இருக்கும், பளபளப்பு அடித்தால் ட்யூப் வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் தெரியும். சீலிங்குக்கு ஐவரி சேராத சுத்த வெள்ளை.

கூடல்நகர்

ஒரே ஒரு எச்சரிக்கை. நீங்கள் பார்த்தது பிப்ரவரி வெளிச்சம். திருச்சியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போகும். அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்வாக வெயில் விழும். சன்ஷேட் அதைத் தடுக்காது. எந்தச் சுவரில் விழும் என்று போன வருட ஞாபகம் இருக்கிறதா?

மாடிவீடு_திருச்சி

இருக்கிறது. சாயங்காலம் கிழக்குச் சுவரில் கட்டில் தலைமாட்டுக்கு மேல் ஒரு பட்டை விழும். அந்தச் சுவரை மட்டும் வெள்ளையாக விடலாமா என்று யோசித்தேன், மனசு வரவில்லை. நான்கும் ஒரே நிறம்தான்.

மாடிவீடு_திருச்சி (ஜூன் 15)

நிறைய பேர் தனிச்செய்தியில் என்ன ஆயிற்று என்று கேட்டதால் எழுதுகிறேன். அடித்து நான்கு மாதம் ஆகப் போகிறது. கூடல்நகர் சொன்ன வெயில் மே மாதமே வந்துவிட்டது, ஐந்தே காலிலிருந்து ஆறு வரைக்கும். அந்தப் பட்டை விழுகிற இடம் பழுப்பாகத்தான் தெரிகிறது, தினமும் முக்கால் மணி நேரம், பின்னால் மீதிச் சுவர் எல்லாம் ஊதாவாகவே இருக்கிறது. நான் அந்த நேரம் சமையலறையில் இருப்பேன், மாமியார்தான் கட்டிலில் சாய்ந்து கந்த சஷ்டி கவசம் படித்துக்கொண்டிருப்பார். வெயில் போனதும் சுவர் திரும்பி வருவது பார்க்க நன்றாக இருக்கிறது என்று நேற்று அவராகவே சொன்னார்.

சாம்பல் ஜமுக்காளம் பவானியில் வாங்கினது. சுவிட்ச் ப்ளேட் மாற்றியாயிற்று. ஸ்கர்ட்டிங்கைத் தொடவில்லை.

நிறமி

மகிழ்ச்சி. டின் மூடியில் ஒட்டியிருக்கும் டின்டிங் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? ஷேட் நம்பர் மட்டும் போதாது, எந்த பேஸ், எவ்வளவு கலந்தது என்பதும் அதில்தான் இருக்கும்.

மாடிவீடு_திருச்சி

மூடியோடு சேர்த்து வைத்திருக்கிறேன், கால் லிட்டர் மிச்சமும் இருக்கிறது. அந்த மூன்றாவது பலகையைக் கப்போர்டு பின்னால் செருகிவிட்டேன், பட்டை விழுகிற சுவர் வெளுக்கிறதா என்று அடுத்த ஜூனில் பக்கத்தில் வைத்துப் பார்க்க.